குறித்துக்கொள்ளப்பட்டது

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில்
வளையத்துக்கு நேர் கீழே என் மேசை.
நான் சுருக்கெழுத்துக்காரி.
ரீனோவிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்தவள்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
பக்கம் சாய்வதற்குக் கூலி கிடையாது.

ஆய்வறிக்கை வரைவு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால்
இரண்டாம் தொகுதியை யாரோ
முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
அதன் அட்டையில்
பொதுமக்களுக்குச் சொந்தமான நிலம்
இளம்பச்சை.
வெளியே ஒரு பச்சையும் இல்லை,
சேஜ் புதரின் சாம்பல்தான்
மலையடி வரைக்கும்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.

டெல்வின் ஓர்ம்ஸ்பி, லாரி ஓட்டுநர்:
'என் மகள் பிறந்தபோது
நூற்று எண்பது மைலுக்கு அப்பால்
இன்னொருவனின் தங்கத்தை இழுத்துக்கொண்டிருந்தேன்.
லித்தியமோ கித்தியமோ,
இங்கேயே தோண்டுங்கள்.
மதியச் சோற்றுக்கு வீடு போகிறேன்.'
கைதட்டல்.
கைதட்டலுக்கு ஒரு விசை உண்டு, தட்டினேன்.

மாடு மேய்க்கும் பெனாட் இரிபார்:
'அறுநூற்றுப் பதினாலாம் பக்கம்.
நிலத்தடி நீர் இறங்கும், ஆனால் தற்காலிகமாக.
தற்காலிகம் என்றால்
எத்தனை வருடம் ஐயா?'
அதிகாரி புரட்டினார், மறுபடி புரட்டினார்.
'கணிப்பின்படி, முந்நூறு.'
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்புக்கும் விசை உண்டு.

பிறகு வெல்டா ஜிம்.
பையூட் குடியிருப்பின் நீர் அளவையாளர்,
முழங்கால் வரை சேறு காய்ந்த பூட்ஸ்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
'உங்கள் வரைபடத்தில் ஊற்று ஐந்து.
ஆறாவதை அளந்திருக்கிறேன், நாற்பத்தொரு மாதம்.
பிப்ரவரி, நிமிடத்துக்கு மூன்று கேலன்.
மார்ச், இரண்டரை.
ஏப்ரல், ஒன்று.
மே, ஈரம் மட்டும்.
ஜூன், பூஜ்யம்.
ஜூலை, பூஜ்யம்.
ஆகஸ்ட், பூஜ்யம். அந்த மாதம்தான்
உங்கள் ஆட்கள் வந்தார்கள்.
செப்டம்பர், பூஜ்யம்.'

ஒரு பூஜ்யத்தையும் அவள் விடவில்லை.
நாற்காலிகள் முனகின.
பின்வரிசையில் ஒரு குழந்தை
அவளோடு சேர்ந்து 'பூஜ்யம்' என்றது.
மஞ்சள்.
மூன்றாம் ஆண்டின் டிசம்பரில் சிவப்பு.

'நேரம் முடிந்தது அம்மா.'

டெல்வின் எழுந்தான்.
'என் நேரத்தில் ஒரு நிமிடம் மிச்சம் வைத்தேன்,
அவங்களுக்குக் கொடுங்க.'
நேரத்தை மாற்றித்தர விதி இல்லை என்றார் அதிகாரி.
'நான் சுரங்கம் வேணும்னுதான் சொன்னேன்.
ஆனா அந்தப் பிப்ரவரி என்ன ஆச்சுன்னு
தெரியணும் இல்லையா?'

ஒலிவாங்கியை அணைத்தார்கள்.
அவள் வாசித்துக்கொண்டே
தன் நாற்காலிக்கு நடந்தாள்.
ஒலிவாங்கி இல்லாத பேச்சு பேச்சல்ல,
என் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு.
எனக்குக் காது கூர்மை.
பிப்ரவரி, மூன்றேகால்.
விரல்கள் நிற்கவில்லை.
நாற்பத்தொன்றாம் மாதம் வரை நிற்கவில்லை.

பில்லில் அந்த முக்கால் பக்கத்தைக் கழித்துவிட்டேன்.
நேர்மை என்று இல்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே.

பதினோரு மாதம் கழித்து இறுதி அறிக்கை வந்தது.
இப்போது ஆயிரத்து நானூறு பக்கம்.
பின்னிணைப்பில் தேடினேன்.
கருத்து 212, ஜிம், வெ.
எண்கள் எல்லாம் இருந்தன, பூஜ்யங்கள் உட்பட.
எதிரே பதில்:
குறித்துக்கொள்ளப்பட்டது.

குழியின் எல்லைக்கோடு
ஓர் அடிகூட நகரவில்லை.
கோட்டுக்கு உள்ளே
நீல வட்டங்களை விரல் வைத்து எண்ணினேன்.
மூன்று. நான்கு. ஐந்து.

கடைசி வட்டம் புள்ளிக் கோட்டில்,
அச்சுப் பிழைபோல அவ்வளவு சின்னதாக.

ஆறு.